அம்மாவை உட்கார வைக்காதீர்கள்!

‘இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வேலை? பேசாம உட்காரு.’ பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால், முதுமையில் இடுப்பெலும்பு முறியும் ஆபத்தைக் கூட்டும் பழக்கங்களில் உட்கார்ந்தே இருப்பதும் ஒன்று.

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்ட அல்லது தாண்டிய 9,516 வெள்ளையினப் பெண்களைச் சராசரியாக 4 ஆண்டுகளுக்குக் கண்காணித்த ஆய்வு, 1995-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. 192 பேருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தினமும் 4 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ காலூன்றி நின்றவர்களுக்கு ஆபத்து சுமார் 1.7 மடங்கு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதவர்களுக்கு 2 மடங்கு.

எலும்பு அடர்த்தி சரியாக இருந்து, இப்படிப்பட்ட ஆபத்துக் காரணிகள் இரண்டைத் தாண்டாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் முறிவு. அடர்த்தி குறைந்து, ஐந்தோ அதற்கு மேலோ காரணிகள் சேர்ந்தவர்களில் அது 27 பேர்!

தசை வற்றினால்...

கால் இடறும்போது சட்டென்று அடுத்த அடி வைத்துச் சமாளிக்கத் தொடைத் தசையில் வலு வேண்டும். அது வற்றிவிட்டால் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, அடி நேராக இடுப்பில் விழுகிறது. ஒல்லியான உடம்பில் அதைத் தாங்கச் சதையும் இல்லை. புகையும் மதுவும் எலும்பை மேலும் பலவீனமாக்குகின்றன. பல் போனதும் மூன்று வேளையும் ரசஞ்சோறு, கஞ்சி என்று சுருங்கிவிடும் சாப்பாட்டில் புரதமும் கால்சியமும் போதாது. பால், தயிர், முட்டை, பருப்பு, கேழ்வரகு, மீன் என்று தட்டு நிறைய வேண்டும்.

நள்ளிரவு நடை

முதியவர்கள் இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். தூக்க மாத்திரையின் மயக்கம் தெளியவில்லை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததில் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. கண்ணில் புரை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு, பாத்ரூம் வாசலில் ஈரம். இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலும் ஆபத்து குறையும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். வழியில் விடிவிளக்கு எரியட்டும். கழிப்பறைச் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அது இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பகலில், சுவரோடு ஒட்டிப் போட்ட கனமான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் செய்யட்டும். தனியாகச் செய்ய முடியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மூட்டுவலியோ இதய நோயோ இருந்தால் டாக்டரின் யோசனைப்படி செய்வது நல்லது.

எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்தபின் பழையபடி நடமாட முடியாமல் போகிறவர்கள் ஏராளம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, பக்கத்துக் கடைக்குப் போய் வருவது என்று அம்மாவால் முடிகிற வேலைகளை அம்மாவே செய்யட்டும். பிடுங்கி வைத்திருந்தால், இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.