நீராட ஓர் ஆடை: வீட்டிலேயே தைக்கலாம்



கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குத் தண்ணீர் தொலைவில் இல்லை. லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லைப் பெரியாறு ஊருக்கு ஊர் நம் அருகிலேயே ஓடுகிறது. விடுமுறை வந்தால் சுருளி அருவிக்கோ, பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரைக்கோ குடும்பத்தோடு செல்கிறோம்.

அங்கே நாம் காண்பது என்ன? ஆண்பிள்ளைகள் நீரில் பாய்ந்து மகிழ்கின்றனர். பெண்பிள்ளைகளோ சோற்றுப் பாத்திரங்களுக்குக் காவலாகக் கரையில் அமர்ந்திருக்கின்றனர். ஆசை மிகுந்து இறங்கிவிட்டால் நனைந்த சுரிதார் உடலோடு ஒட்டிக்கொள்கிறது. துப்பட்டா கையையும் காலையும் சுற்றுகிறது. கூச்சத்தால் குறுகியபடியே கரையேறும் பெண், அடுத்த முறை நீர்ப்பக்கமே செல்வதில்லை.

இதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் பரிந்துரைகளுள் ஒன்று. ஆறும் வாய்க்காலும் கிணறும் சூழ்ந்த ஊரில், ஏற்ற உடை இல்லை என்ற காரணத்தால் நம் பெண்மக்கள் நீச்சல் அறியாமல் வளர்வது தகுமா?

வழிகாட்டிய பெண்மணி

லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் அஹிதா ஸனெட்டி. ஹிஜாபோடு பந்து விளையாடிய தம் உறவுச் சிறுமி படும் சிரமத்தைக் கண்டு, விளையாட்டுக்கேற்ற உடையைச் சிந்தித்தார். அதிலிருந்து 2004இல் பிறந்ததே ‘புர்கினி’ என்னும் நீச்சலுடை. நீண்ட கைகளுள்ள மேலங்கி, கணுக்கால் வரை காற்சட்டை, தலைமூடி ஆகியவையே அதன் உறுப்புகள். 2007இல் சிட்னி கடற்கரையில் உயிர்காப்புப் பணியில் சேர்ந்த முஸ்லிம் பெண் இவ்வகை உடையையே அணிந்தார். ஸான்ஸிபார் தீவிலும் உடல் மறைக்கும் இத்தகைய உடையில் சிறுமியர் நீச்சல் கற்கின்றனர். 2016இல் பிரான்சின் சில கடற்கரை ஊர்கள் இதைத் தடை செய்தபோது, அத்தகைய தடையொன்றை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்டு 26 அன்று நிறுத்தி வைத்தது.

தையல் தெரிந்த வீட்டில் இந்த உடையைச் செய்துகொள்வது கடினமன்று.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தி வேண்டாம். சக்கம்பட்டிப் பருத்திச் சேலை கரையில் அழகு. நீரிலோ பெரும் பாரம். பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை ஈர்க்கும். பாலியெஸ்டர் ஈர்ப்பது 0.4 விழுக்காடு மட்டுமே. ஆகவே பாலியெஸ்டர் அல்லது நைலானோடு லைக்ரா கலந்த பின்னல் துணியை வாங்குங்கள். பனியன் துணி என்ற பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அதில் பருத்தியே மிகுதி. எந்த நூல் என்று கடையில் கேட்டறியுங்கள்.

அடர்ந்த நிறமே நன்று. ஒரு சிறு துண்டை நனைத்துப் புறங்கையில் விரித்துப் பாருங்கள். தோலின் நிறம் தெரிந்தால் அத்துணி உதவாது. 60 அங்குல அகலத் துணியானால், பெரியவர் ஒருவருக்கு 3 மீட்டர் போதும்.

வெட்டுதலும் தைத்தலும்

நன்றாகப் பொருந்தும் பழைய சுரிதாரைச் செய்தித்தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். துணி இழுபடும் பக்கம் உடலைச் சுற்றி வரவேண்டும். மார்பளவைவிட 3 அல்லது 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். இறுக்கமானால் மறைப்பின் நோக்கம் கெடும். மிகத் தளர்ந்தால் நீர் புகுந்து பாரமாகும். மேலங்கி முழங்காலுக்குச் சற்று மேலே நின்றால் போதும். கொசுவமும் அகன்ற மடிப்பும் கூடாது.

முனை மழுங்கிய ஊசியும் பாலியெஸ்டர் நூலும் கொள்ளுங்கள். ஜிக்ஜாக் தையல் உள்ள இயந்திரமானால் நலம். சாதாரண மிதி இயந்திரமாயின் துணியை முன்னும் பின்னும் சிறிதே இழுத்துப் பிடித்தவாறு, அருகருகே இரண்டு தையல் போடுங்கள். இல்லையேல் துணி நீளும்போது நூல் அறுந்துவிடும்.

மிக முக்கியமான ஒன்று: மேலங்கியின் உட்புறம் இடுப்பருகே இரண்டு நாடாக்கள் வைத்து, காற்சட்டையிலுள்ள வளையங்களில் முடிச்சிடுங்கள். அப்போதுதான் நீரில் மேலங்கி மிதந்து மேலேறாது. தலைமூடியைத் தனித் துப்பட்டாவாக விடாமல் கழுத்தோடு இணைத்துத் தையுங்கள். தொங்கும் முனையும், கழுத்தை இறுக்கும் கயிறும், குத்தூசியும் நீரில் ஆபத்தானவை.

முதலில் வீட்டுக் குளியலறையில் அணிந்து, முழுதும் நனைந்து, கைகளை உயர்த்தியும் குனிந்தும் பாருங்கள். குறை தெரிந்தால் அங்கேயே திருத்தலாம். பயன்படுத்திய பின் நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சூடான இஸ்திரி வேண்டாம்.

ஆண்களுக்கும் உண்டு

அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே (24:30) வருகிறது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில் (24:31) வருகிறது. நனைந்த லுங்கி அவிழ்வதையும் ஒட்டுவதையும் யாரும் பேசுவதில்லை. மீதமாகும் துணியில் கணவருக்கும் மகனுக்கும் முழங்காலுக்குக் கீழே வரும் காற்சட்டை தைத்துக் கொடுங்கள். குடும்பம் முழுமைக்கும் கண்ணியம் ஒன்றே.

மறவாதீர்கள்

உடை நீச்சல் கற்றுத் தராது. உயிர்காப்பு மிதவையும் ஆகாது. கும்பக்கரையில் யானைக்கெஜம், பாம்புக்கெஜம் என்று பெயர் பெற்ற ஆழக் குழிகளும் வழுக்குப் பாறைகளும் உள்ளன. வெள்ளக் காலத்தில் வனத்துறை தடுத்தால் மீற வேண்டாம். பெரியாறு அணை நீரைத் திறந்துவிடும் நாள்களில் ஆற்றில் இறங்காதீர்கள். அருகிலுள்ள நீச்சல் குளத்தில் பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பத்துத் தாய்மார்கள் சேர்ந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பவர், பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்.

நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது நாம் அறிந்ததே. அந்த நாணத்தைக் காரணம் காட்டி ஒரு சிறுமியின் உயிர்காக்கும் கல்வியைத் தடுப்பது முறையாகாது. மூன்று மீட்டர் துணியும் இரண்டு மாலைப் பொழுதுகளும் செலவிட்டால், இன்ஷா அல்லாஹ், நம் பெண்மக்கள் நாணத்தோடும் துணிவோடும் நீரில் இறங்குவர்.