மஞ்சளாக மாறிய ஆறு மாதிரிகள்

1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையிலிருந்து காட்பாடிக்குச் சென்ற இரவு ரயில் ஒன்றில், பனிக்கட்டிப் பெட்டிக்குள் 80 இரத்த மாதிரிகள் பயணம் செய்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், செல்லப்பன் நிர்மலா என்ற பட்டமேற்படிப்பு மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து சேகரித்தவை அவை. எய்ட்ஸ் நம் நாட்டிற்கு வராது என்றே அன்று பலரும் நம்பியிருந்தனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின. மறுபடியும் சோதித்து உறுதி செய்தபின், எச்.ஐ.வி. இந்தியாவிலும் இருப்பது தெரிந்தது.

மஞ்சள் நிறம் எப்படி வந்தது? எலைசா என்பது அச்சோதனையின் பெயர். பிளாஸ்டிக் தட்டிலுள்ள சிறு குழிகளின் அடியில் வைரசின் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். அதில் இரத்தத்தின் தெளிந்த நீரை இடுவார்கள். வைரஸ் புகுந்த உடல் அதற்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கியிருக்கும் அல்லவா? அவை, பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். குழியைக் கழுவினால் ஒட்டாதவை போய்விடும். அடுத்து, நொதி இணைக்கப்பட்ட வேறோர் எதிர்ப்பொருளை இடுவார்கள். முன்னது இருந்தால்தான் இது அங்கே நிற்கும். மீண்டும் கழுவி, நிறமற்ற வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்ததும் நொதி அதற்கு நிறமூட்டுகிறது. அதன் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உட்கவரப்பட்டது என்று கருவி அளந்து சொல்லும். (இயற்பியல் ஆசிரியனான எனக்கு இச்சோதனை பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்!)

சரி, உடம்புக்கு ஏதாவது வந்தபின் சோதித்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. தொற்றிய சில வாரங்களில் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல்போல வந்து போகும். சிலருக்கு அதுவும் இராது. அதன்பின், மருந்து உண்ணாதவர்களுக்குச் சராசரியாக எட்டு, பத்து ஆண்டுகள் வெளியே எதுவும் தெரியாது. உள்ளேயோ, சி.டி.4 எனப்படும் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500க்கு மேல் இருக்கவேண்டிய இவை 200க்குக் கீழே இறங்கினால், காசநோய் போன்றவை எளிதில் தாக்கும். இதற்கிடையே, தாம் அறியாமலே அவர் பிறருக்கும் வைரசைத் தந்திருக்கக்கூடும்.

அதற்காக மறுநாளே சோதித்தாலும் பயனில்லை! எதிர்ப்பொருள்கள் சோதனையில் தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். இதைச் சாளரக் காலம் என்பர். வைரசின் மரபுப்பொருளையே தேடும் சோதனைகள் ஓரளவு முந்திக்கொள்கின்றன. ஆனால் ஊசி குத்தியது போன்ற நிகழ்ச்சியால் ஐயம் எழுந்தால், காத்திராமல் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகவேண்டும். 28 நாள் மருந்தினால் தொற்றையே பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

சி.டி.4 குறையும்வரை காத்திருந்து மருந்து தருவதே முன்பு வழக்கம். 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015இல் அவ்வழக்கத்தை மாற்றியது. உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயும் மரணமும் 57 விழுக்காடு குறைவு! இந்தியாவும் 2017இல் இம்முறைக்கு மாறியது. மருந்தைத் தவறாமல் உண்டால் வைரஸ் சோதனையில் தென்படாத அளவிற்குக் குறையும். அந்நிலையில் உடலுறவின் வழியே அது பரவுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு, மருந்தின்றி 15 முதல் 45 விழுக்காடு. மருந்துடன் ஐந்துக்கும் கீழே. கருவுற்ற பெண்களைத் தொடக்கத்திலேயே சோதிப்பது இதனால்தான்.

அரசு மருத்துவமனைகளிலுள்ள 'நம்பிக்கை மையம்' இச்சோதனையை இலவசமாகச் செய்கிறது. ஒரே சோதனையை வைத்து எவருக்கும் தொற்று இருப்பதாக அறிவிப்பதில்லை. மூன்று வெவ்வேறு சோதனைகளும் ஒத்துப்போக வேண்டும். ஒருவரின் சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஐயங்களை 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.