உங்களுக்குத் தெரியுமா? சிலாங்கூரின் கோல் வாசல் யாருக்கு?

சிலாங்கூரின் தலைசிறந்த கோல்காவலர் யார்? புக்கிட் ரோத்தான் பக்கத்துப் பழைய காற்பந்து ரசிகரைக் கேட்டால், "நம்ம ஆறுமுகம்தான், வேற யாரு!" என்பார். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயரெடுத்த ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற மலேசிய அணியின் கோல்காவலர். நாடு புறக்கணித்ததால் அணி போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் மறைந்தபோது அவருக்கு வயது 35தான்.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. 1960களில் சிலாங்கூருக்கு ஆடிய சோவ் சீ கியோங், 1966 முதல் 1970 வரை ஐந்து ஆண்டுகள் ஆசியாவின் சிறந்த கோல்காவலராகக் கொண்டாடப்பட்டவர். பிறகு ஹாங்காங்கில் தொழில்முறை ஆட்டக்காரரானார். பட்டங்களை எண்ணினால் சோவ்தான். ஆனால், ஆறுமுகம் பந்தைப் பாய்ந்து பிடித்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!