நீலத் திரையா? உடனே ஃபார்மட் போடாதீர்கள்

மேற்கு மாம்பலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் போய் “அடிக்கடி நீலத் திரை வருது” என்று சொல்லிப் பாருங்கள். “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்ற பதில் வர அதிக வாய்ப்பு உண்டு. கடைக்காரருக்கு அது சுலபம். ஆனால் கோளாறு ரேமில் இருந்தால், ஃபார்மட் போட்ட மறு வாரமே நீலத் திரை திரும்ப வரும். போனது உங்கள் ஃபைல்கள்தான்.

நீலத் திரை என்பது விண்டோஸ் தானாகவே நின்றுகொள்வது. சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் தவறு நேர்ந்தால், தொடர்ந்து ஓடினால் டிஸ்க்கில் உள்ளதும் கெடும் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. கருவிகளை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் பெரும்பாலும் இந்தக் கெர்னலுக்குள்தான் இயங்குகின்றன. பிரவுசர் செயலிழந்தால் அது மட்டும் மூடும். டிரைவர் தடுக்கி விழுந்தால் மொத்த மெஷினும் விழும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை இதை உலகமே பார்த்தது. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு, இந்திய நேரம் காலை 9.39-க்கு ஒரு சிறிய அப்டேட் வந்தது. அதன் டிரைவர் 20 தகவல்களுக்குத்தான் தயாராக இருந்தது. 21-ஆவதைத் தேடிப்போய், தனக்குரியதல்லாத மெமரியைப் படித்தது. 78 நிமிடங்களில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்துவிட்டன என்றது மைக்ரோசாஃப்ட். சென்னை விமான நிலையத்திலும் செக்-இன் தடுமாறி, போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கும் மருந்து ஃபார்மட் அல்ல. சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு ஃபைலை நீக்கியதுதான்.

வீட்டிலும் அந்தச் சேஃப் மோடுதான் முதல் சோதனை. அதில் அத்தியாவசிய டிரைவர்கள் மட்டுமே ஏறும். மணிக்கணக்கில் ஓடியும் நிற்கவில்லை என்றால், சந்தேகம் டிரைவர் பக்கம் சாய்கிறது. அண்மையில் எது அப்டேட் ஆனது என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ இருக்கிறது. கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களிலிருந்து தொடங்கலாம்.

அதற்கும் முன்னால், திரையைச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். ‘ஸ்டாப் கோட்’ என்ற வரி முக்கியம். சில சமயம் ‘டாட் சிஸ்’ என்று முடியும் டிரைவரின் பெயரும் இருக்கும். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும். ‘டபிள்யூஹெச்இஏ’ என்று தொடங்கினால் பிராசஸர், வோல்டேஜ் போன்ற ஹார்டுவேர் சங்கதி. 2025-இல் விண்டோஸ் 11 இந்தத் திரையைக் கறுப்பாக்கிவிட்டது; ஸ்டாப் கோட் அதிலும் வரும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் வருகிறதா? எனக்கு முதலில் ரேம் மீதுதான் சந்தேகம் வரும். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள்; இன்னும் கறாராகப் பார்க்க மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓட்டலாம். ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது. கடல் காற்றின் ஈரமும் தெருப் புழுதியும் சேரும் ஊர் சென்னை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினாலே சில மெஷின்கள் சரியாகின்றன. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். குற்றவாளி தனியாக அகப்படும்.

கத்திரி வெயிலில் எல்லாப் பழியையும் சூட்டின்மேல் போடுவது நம் வழக்கம். வெறும் சூடு என்றால் பெரும்பாலும் வேகம் குறையும், அல்லது பட்டென்று அணைந்துவிடும். நீலத் திரையே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆனால், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையையும் வீட்டு மின்சாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் புது ரேம் வாங்க ஓடுவது அதற்குப் பிறகு.

லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கிரௌட்ஸ்ட்ரைக் சமயத்தில் பல அலுவலகங்கள் அந்தச் சாவியைத் தேடித்தான் அல்லாடின.