திருப்பிச் சொல்ல முடிகிற அன்பு

காலை ஏழரை மணி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் கடைசி ஆளாக ஏறுகிறார் ஒரு பெண். "கொஞ்சம் தள்ளி உக்காருக்கா" என்கிறார் ஓட்டுநர். இறங்கும் இடம் வந்ததும், "ஓரமா நிறுத்துண்ணா" என்கிறார் அந்தப் பெண். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்கு இருவரும் அண்ணன், அக்கா.

ஆவடி மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாவுக்கு வாங்க வருகிற எல்லோரும் 'கண்ணு'. பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் கண் மங்கிய பாட்டி, "ராசா, இது எந்த ஊரு பஸ்ஸு?" என்று கேட்டால், முன்பின் தெரியாத இளைஞன் நின்று, பலகையைப் படித்துச் சொல்லிவிட்டுப் போகிறான். கூப்பிடும் முறையிலேயே பாதி உதவியை வாங்கிவிடுகிற மொழி நம்முடையது. தொல்காப்பியம் விளிப்பதற்கென்றே 'விளிமரபு' என்று ஓர் இயலை ஒதுக்கி, முறைப்பெயர்களை எப்படி விளிப்பது என்பதையும் சொல்கிறது.

அம்பத்தூர், ஆவடிப் பகுதிக்கு அந்த முறைப்பெயர்கள் கூடுதலாகவே தேவைப்பட்டன. 1960-களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபோது, ஊர் ஊராக ஆட்கள் வேலை தேடி வந்து குடியேறினார்கள். சொந்தபந்தம் ஊரில் இருக்க, பக்கத்து மெஷின்காரரே அண்ணன் ஆனார். வாடகை வீட்டுக்காரம்மா அத்தை ஆனார். இன்று ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வருகிற பையனை டீக்கடைக்காரர் "தம்பி" என்று கூப்பிடும்போது, அதே வேலையைத்தான் அந்தச் சொல் செய்கிறது.

ஆனால் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் இதே அன்புச் சொற்கள் வேறு முகம் காட்டுவதுண்டு. தையல் பிரிவில் ஒரு லைன் சூப்பர்வைசர், "என்ன செல்லம், பீஸ் கொறையுது?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அந்தப் பெண், "மெஷின் சரியில்ல செல்லம்" என்று பதில் சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் உரைகல். ஷேர் ஆட்டோவில் 'அக்கா'வுக்கு 'அண்ணா' உடனே திரும்பி வந்தது. இங்கே சொல் மேலிருந்து கீழே மட்டும்தான் இறங்குகிறது. திருப்பிச் சொல்ல முடியாத செல்லத்தை அன்பென்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

நீதிமன்றங்களும் கேட்பவர் பக்கம் நின்றே பார்த்திருக்கின்றன. 2024 மார்ச்சில், கடமையிலிருந்த பெண் காவலரை 'டார்லிங்' என்று அழைத்தவரின் வழக்கில், முன்பின் தெரியாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் தன்மை கொண்ட குற்றம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தீர்ப்பளித்தது. குடித்திருந்தார் என்பது சாக்காகவில்லை. 2025 ஜனவரியில், பணியிடப் பாலியல் தொல்லை வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா இன்னும் தெளிவாகச் சொன்னார்: செய்தவரின் நோக்கம் என்ன என்பதல்ல, அந்தப் பெண் விரும்பாத நடத்தையா என்பதே கேள்வி. "நான் தப்பா நினைச்சு சொல்லலியே" என்கிற பழைய பதிலுக்கு இனி இடமில்லை.

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஒரு பெண்தான் அதற்குத் தலைமை தாங்க வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான சின்னப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பட்டறை நிறைந்த இந்தப் பகுதியில் உள்ளூர்க் குழுவைப் பற்றி ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முறைப்பெயரிலும் மேடு பள்ளம் உண்டு. அலுவலகத்தில் பொறியாளர் 'மேடம்' ஆகிறார். தரை துடைப்பவர் 'ஆயா' ஆகிறார். அந்த ஆயாவுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. கழுத்தில் தொங்கும் அட்டையில் அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பல வருடம் ஒரே மாடியில் வேலை பார்த்தும் அதைப் படிக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அன்புச் சொற்களை ஒழித்துவிட்டு எல்லோரும் சார், மேடம் என்று விறைப்பாக நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'கண்ணு' இல்லாத ஆவடி மார்க்கெட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. வேலையிடத்தில் மட்டும், ஒருவரை முதன்முதலில் பார்க்கும்போது, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுவோம். பெயரா, அக்காவா, மேடமா என்பதை அவரே சொல்லட்டும். சொன்னபடி கூப்பிடுவோம், அவர் நம்மை அழைக்கிற அழைப்புக்கும் முகம் கோணாமல் திரும்பிப் பார்ப்போம்.