கல்லைக் கண்டேன், வீட்டைக் காணோம்!

"இன்னா சார், வீடா... கோட்டையா?" என்று கேட்டார் மேஸ்திரி.

பள்ளிப்பட்டில் எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுசு கட்ட ஏற்பாடு. 20க்கு 40 மனை. 'சுவர் பூரா உள்ளூர்க் கல்லிலேயே வெச்சா என்ன?' என்று கேட்டதற்குத்தான் இந்த நக்கல்.

ஆசையைக் கிளப்பியவர் ஸெஸார் மன்ரிக்கே என்ற ஓவியர். ஆப்பிரிக்கக் கரையோரம் ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்ஸரோட்டே தீவுக்காரர். அங்கே 1730-லிருந்து 1736 வரை எரிமலை கக்கி, கிராமங்களையும் விளைநிலத்தையும் மூடிவிட்டது. நியூயார்க்கில் இருந்துவிட்டு 1960களில் ஊர் திரும்பிய மன்ரிக்கே, உறைந்து கிடந்த அந்தக் கறுப்புக் குழம்பின் மேலேயே வீடு கட்டினார். குழம்புக்குள் தானாக உண்டான ஐந்து குமிழிகள்தான் கீழே அறைகள்! தீவின் அழகை அடுக்குமாடிகள் கெடுக்கக் கூடாது என்று, 1992-ல் கார் விபத்தில் சாகும்வரை மல்லுக்கு நின்றார்.

நமக்கு எரிமலை இல்லாவிட்டால் என்ன, நகரி மலை இருக்கிறதே! சுற்றுவட்டாரத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் நாம் கல்லை உடைத்து ஜல்லியாக்கி, சிமென்ட்டில் குழைத்து, மேலே ரோஸ் கலர் அடிக்கிறோம். 'ஐந்து மைலுக்குள் கிடைப்பதை வைத்து வீடு கட்டு' என்று காந்தி சொன்னதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டவர், கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர்.

மேஸ்திரி அசரவில்லை. "செங்கல்னா 9 அங்குலம் போதும். உருப்படி இல்லாத கல்லை அடுக்கணும்னா 15 அங்குலமாவது வேணும்."

பி.காம். படித்தது வீண் போகவில்லை. கணக்குப் போட்டேன். நாலு பக்கமும் கல் என்றால் உள்ளே 56 சதுர அடி அவுட். அதாவது, 7க்கு 8. அதாவது, அம்மாவின் சமையலறை! அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நானே கல்லானேன்.

இன்னொரு விஷயமும் சொன்னார். கல் சுவர் சும்மா குளுகுளு என்று இருக்காது. பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெதுவாக உள்ளே விடும். வெயில் நேரே படாமல் நிழல் வேண்டும், காற்று வர எதிரெதிர் ஜன்னல் வேண்டும்.

கடைசியில் சமரசம். தெருவைப் பார்த்த முன்சுவர் மட்டும் கல். நஷ்டம் 9 சதுர அடிதான். அம்மா ஓகே.

கல்லுக்கு எங்கேயும் அலையவில்லை. தாத்தா போட்ட அஸ்திவாரக் கல் முழுசாக வந்தது. எஸ்டிமேட்டில் அதற்குப் பெயர் 'இடிப்புக் கழிவு', அப்புறப்படுத்த லாரி வாடகை தனி. அந்த வரியை நானே அடித்தேன்.

சுவர் எழும்பியதும் மேஸ்திரி தள்ளி நின்று பார்த்தார். பின்னால் மலை, முன்னால் அதே சாயலில் சுவர்.

"நல்லாத்தான் கீது சார். எதுத்தாப்ல ஒரு வேப்பங்கன்னு வெச்சிடு."

வைத்தாச்சு. வரவில் தாத்தாவின் கல், செலவில் 9 சதுர அடி. நிழல்தான் இன்னும் பாக்கி!