நாற்சந்தியில் இறுகும் கை

மோட்டார் சைக்கிள் ஓட்டும் நண்பர்களே! நேர்ச்சாலையில் கவலையின்றிச் செல்லும் உங்கள் கை, நாற்சந்தியை நெருங்கியதும் இறுகுவதைக் கவனித்திருக்கிறீர்களா? யாராவது குறுக்கே திரும்பிவிடுவார்களோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஒரு நாள் கல்லூரிக்குச் செல்லும்போது, எதிரே வந்த வேன் ஒன்று எனக்கு முன்னால் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. பிரேக்கை அழுத்திக் கீழே விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். ஓடிவந்த ஓட்டுநர், "சார், நீங்க வந்ததைப் பார்க்கவே இல்லை" என்றார். பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். அதன்பின் மூன்று மாதம் பஸ்ஸில்தான் போனேன். ஆனால் வகுப்பில் பார்வைக் கோணம் பற்றிப் பாடம் நடத்தியபோது, அவர் சொன்னது மெய்யாக இருக்கலாம் என்று தோன்றியது.

அச்சம் வீணானதா?

இல்லை. அமெரிக்காவில், தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, வேறு வண்டியுடன் மோதியவை. அத்தகைய மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வண்டிக்காரர் வழிவிடாததால் நேர்ந்தவை. ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரை கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 வினாடிக்கும் குறைவே.

அவர் ஏன் பார்ப்பதில்லை?

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அதன் அகலம் கண்ணில் சுமார் 2 பாகைக் கோணத்தை உண்டாக்குகிறது. ஓட்டுபவரோடு சேர்த்து மோட்டார் சைக்கிளின் அகலம் 75 செ.மீ. என்று கொள்வோம். 60 மீட்டர் தொலைவில் அதன் கோணம் 0.7 பாகைதான், உங்கள் கட்டைவிரலில் மூன்றில் ஒரு பங்கு!

அது மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நேராக வருகிறது. ஒரு வினாடி கழித்து 45 மீட்டர் தொலைவில் கோணம் 0.95 பாகை. 30 மீட்டரில் 1.4, 15 மீட்டரில் 2.9. முதல் வினாடியில் கால் பாகைதான் கூடியது. மூன்றாம் வினாடியிலோ ஏறத்தாழ ஒன்றரைப் பாகை! நேராக நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தை, அது பெரிதாவதைக் கொண்டே கண் முக்கியமாக அறிகிறது. ஆகவே தொலைவில் அது அசையாமல் நிற்பதுபோல் இருந்து, அருகில் வந்ததும் திடீரெனப் பெரிதாகிறது. காரின் முன்கண்ணாடி ஓரத்திலுள்ள தூணே அதை முழுதும் மறைத்துவிடவும் கூடும்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இரு சக்கர வண்டிகளில் முகப்பு விளக்கு பகலிலும் எரியும்படி அமைக்கப்படுவது, இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யவே. ஆயினும் அடுத்தவர் கண்ணை நம்பியே நாம் வண்டி ஓட்ட முடியாது. நம் கையில் இருப்பது என்ன?

மீட்டரில் அளப்போம்

ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க 1 வினாடி ஆகிறது என்போம். எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் முதல் வினாடியில் 10 மீட்டர், பிரேக் பிடித்தபின் 10 மீட்டர்; 20 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 54 கி.மீ. வேகத்தில் 15 மீட்டர், பின்பு 22.5 மீட்டர்; மொத்தம் 37.5 மீட்டர்.

இப்போது 20 மீட்டர் முன்னால் ஒரு கார் குறுக்கே வந்து நிற்பதாக எண்ணுங்கள். முதலாமவர் காரைத் தொடாமல் நின்றுவிடுகிறார். இரண்டாமவருக்கோ பிரேக் பிடிக்க 5 மீட்டரே மிச்சம். அவர் மணிக்கு 47 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் மோதுவார்! வேகத்தின் இருமடியைப் பொறுத்தே பிரேக் தூரம் அமைவதால் வரும் விளைவு இது. மழையில் உராய்வு குறைவதால் தூரம் இன்னும் கூடும்.

நீங்கள் செய்யவேண்டியவை

சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். விரலை முன் பிரேக் பிடியின் மேலும், காலைப் பின் பிரேக்கின் மேலும் தயாராக வையுங்கள். இதனால் அரை வினாடி மிச்சமானால் 36 கி.மீ. வேகத்தில் 5 மீட்டர் லாபம். காத்திருக்கும் காரின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். கார் நகரத் தொடங்குவதை அது உடனே காட்டிவிடும். பாதைக்குள் சற்றுப் பக்கவாட்டில் இடம் மாறினால், காரோட்டியின் கண்ணுக்கு நீங்கள் அசைவதும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் மைதானத்தில் இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழகுங்கள். பின் பிரேக்கை மட்டும் மிதித்துச் சறுக்குவதே பலர் செய்யும் பிழை. நான் விழுந்ததும் அப்படித்தான்.

பத்து ஞாயிற்றுக்கிழமைகள் மைதானத்தில் பழகிய பிறகே மீண்டும் வண்டியில் கல்லூரிக்குப் போனேன். அதே நாற்சந்தியை இன்றும் தினமும் கடக்கிறேன். கை இறுகுவதில்லை, விரல் மட்டும் பிரேக் பிடியின் மேல் இருக்கிறது.